பாதி என்று நான் சொன்னது

எனக்கு வாய் நீளம், ஆனால் அளவு தப்பாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் ஓட்டினேன். நாங்கள் செய்வது பீங்கான் ஃபியூஸ் கட்டை. பழைய வீடுகளில் மீட்டர் பெட்டிக்குள் வெள்ளையாக இருக்குமே, அதுதான். என் வேலை அதை அளப்பது. இரும்புத் தகட்டில் பள்ளம் வெட்டியிருக்கும், அதைக் கேஜ் என்போம். கட்டை அந்தப் பள்ளத்தில் அடக்கமாக உட்கார்ந்தால் பாஸ். ஆடினாலும் கழிவு, முட்டினாலும் கழிவு.

கேஜில் இரண்டு உண்டு. சூளைக்குப் போகாத பச்சைச் சரக்குக்கு ஒன்று, சுட்டு வந்த சரக்குக்கு ஒன்று. வெந்தால் மண் சுருங்கிவிடும், அதனால் பச்சைக் கேஜின் பள்ளம் சற்றுப் பெரிது. மற்றபடி இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அடையாளத்துக்குப் பச்சைக் கேஜின் பிடியில் சிவப்புப் பெயிண்ட் பூசியிருப்போம். அது கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்துபோகும். கையில் எடுத்ததும் எந்தக் கேஜ் என்று பார், அப்புறம் அள என்று நான் கத்தாத நாள் இல்லை. ஒருமுறை என் வயதுக்காரி ஒருத்தி காலையிலிருந்து சாப்பாட்டு மணி வரைக்கும் கேஜை மாற்றி வைத்து அளந்துவிட்டாள். அத்தனை பேர் எதிரிலும் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அன்றைக்கு அவள் டிபன் பாக்ஸையே திறக்கவில்லை. நான் என் சோற்றை முழுசாகத் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். ஜங்ஷன் ஸ்டேண்டில் ஆட்டோ ஓட்டினார். அதிர்ந்து பேச மாட்டார். நான் எகிறும்போதெல்லாம் சிரித்துக்கொண்டு நிற்பார். என்னை அளவுக்காரி என்றுதான் ஸ்டேண்டில் சொல்வாராம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை ஒருநாளும் அவர் என்னிடம் காட்டியதில்லை, நான்தான் அவரிடம் காட்டியிருக்கிறேன்.

போன வருடம் மழைக்கு முன்னால் அவர் சோறு குறைந்தது. நாலு வாய் தின்றதும் போதும் என்று கையை எடுத்துவிடுவார். ஸ்டேண்டில் பஜ்ஜியைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டு வந்து என் சமையலுக்குக் குறை வைக்கிறீர்களா என்று நான் சண்டை போட்டேன். ஒரு மாதம் அப்படியே போனது. பிறகு வாந்தி. இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் கட்டி என்றார்கள். பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு சர்ஜன். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. கட்டியை இரைப்பையோடு வெட்டி எடுக்க முடிந்தால் ஆள் பிழைக்க வழி இருக்கிறது, ஆனால் அது வயிற்றுக்குள் வேறு எங்கும் சிதறாமல் இருந்தால்தான் வெட்டுவதில் அர்த்தம் உண்டு என்றார். சிதறியிருக்கிறதா என்று ஸ்கேனில் முழுசாகத் தெரியாதாம். அதனால் முதலில் சாவித்துவாரம் மாதிரி இரண்டு மூன்று ஓட்டை மட்டும் போட்டு, வயிற்றுக்குள் காற்று அடைத்து, கேமரா விட்டுப் பார்ப்போம் என்றார்.

பார்த்தார்கள். அன்று மதியம் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு கலர் போட்டோவை மேஜை மேல் வைத்தார். என் புருஷனின் வயிற்றுக்குள் இருப்பது. பளபளவென்று ஈரமாக, இளஞ்சிவப்பாக ஒரு சவ்வு. அதன்மேல் ஜவ்வரிசி ஒட்டியது மாதிரி வெள்ளையாக ஒரு புள்ளி. அங்கங்கே சின்னதாக இன்னும் நாலைந்து. பெரிய புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பியின் நுனி.

"இந்தக் கம்பியோட பருமன் அஞ்சு எம்எம். உள்ள ஸ்கேல் வெக்க முடியாதில்லம்மா, அதனால கம்பியப் பக்கத்துல வெச்சு அளந்துக்குவோம். புள்ளியும் கம்பியும் ஒரே அகலம். அப்ப இதுவும் அஞ்சு எம்எம்."

சிரிக்கிற நேரமா அது? ஆனாலும் எனக்கு அந்த மனுஷன்மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. நம்ம ஆள் மாதிரிதான் இவரும், தகடு வைத்து அளக்கிறார் என்று தோன்றியது. அளந்து சொல்கிற ஒருவர் கையில் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று ஒரு தைரியம். அவர் சொன்ன மற்றது எல்லாம் பிறகுதான் மண்டைக்குள் போனது. சிதறியிருக்கிறது, இப்போது வெட்ட முடியாது. நாலு தடவை கீமோ மருந்து ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டை போட்டுப் பார்ப்போம். புள்ளிகள் மறைந்தாலோ நன்றாகச் சுருங்கினாலோ ஆபரேஷனை யோசிக்கலாம். அப்படியே இருந்தால் இல்லை.

அந்த மூன்று மாதத்தை நான் எழுதப்போவதில்லை. வாந்தி, முடி, நாக்கில் புண், விருத்தாசலத்துக்கும் பாண்டிக்கும் பஸ். ஒவ்வொரு தடவை மருந்து ஏறும்போதும் சுருங்கு, சுருங்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மண் சுருங்குவதைத் தினம் பார்க்கிறவள். நெருப்பில் போட்டால் எதுவும் சுருங்கும் என்று எனக்குள் ஒரு முட்டாள் நம்பிக்கை. அந்த மருந்தும் நெருப்பு மாதிரிதான் எரிகிறது என்று அவரே சொன்னார்.

இரண்டாவது தடவை ஓட்டை போட்ட அன்று, பதினோரு மணிக்கு அவரை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அரை மயக்கம். பின்னாலேயே நர்ஸ் வந்து ஃபைலைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு, டாக்டர் சாயந்தரம் வந்து பேசுவார் என்று சொல்லிப் போனாள். சாயந்தரம் வரை யார் பொறுப்பது? ஃபைலைத் திறந்தேன். மேலாகப் புதுப் போட்டோ இருந்தது. பழையதும் உள்ளேயே இருந்தது. இரண்டையும் எடுத்து மடியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

இரண்டிலும் சவ்வு, இரண்டிலும் புள்ளி, இரண்டிலும் கம்பி. வெறுங்கண்ணை நான் நம்ப மாட்டேன். மருந்துச் சீட்டின் ஓரத்தைக் கிழித்து, பழைய போட்டோவில் கம்பியின் அகலத்துக்குப் பேனாவால் இரண்டு கோடு போட்டேன். புள்ளி அந்த இரண்டு கோட்டுக்குள் கச்சிதமாக அடங்கியது. புதுப் போட்டோவில் கம்பிக்கு அதேபோல இரண்டு கோடு போட்டுப் புள்ளிமேல் வைத்தேன். பாதிதான் வந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். பாதிதான். மூன்றாம் தடவையும் பாதிதான்.

அவர் கண்ணைத் திறந்து என்னாச்சு என்றார். குரல் எழும்பவில்லை, உதடுதான் அசைந்தது. சாயந்தரம் டாக்டர் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. இன்றைக்கும் அந்த ஒரு வார்த்தையை நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

"பாதியா கொறஞ்சிருச்சுங்க. நானே அளந்து பார்த்துட்டேன்" என்றேன்.

அவர் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அளவுக்காரி சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று முனகினார். ஒரு மணி நேரம் கழித்து போனை வாங்கி நல்லூரில் இருக்கும் அவர் அக்காவுக்குச் சொன்னார். அம்மா போனபின் அவரை வளர்த்தது அந்த அக்காதான். பயிர் பச்சை தவிர வேறு தெரியாத மனுஷி. அந்தப் பக்கம் அவள் ஓவென்று அழுவது எனக்கே கேட்டது. அப்புறம் ஸ்டேண்டுக்குச் சொன்னார். மாசி மகத்துக்கு நான் வண்டியில இருப்பேன்டா என்றார். மகத்துக்கு மணிமுத்தாற்றில் கூடுகிற கூட்டத்துக்கு அவர் ஒரு வருடம்கூட வண்டியை நிறுத்தியது கிடையாது.

சாயந்தரம் சர்ஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் போட்டோக்களையும் அந்தச் சீட்டுத் துண்டையும் எடுத்துக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி போனேன். அவர் வெட்ட முடியாது என்றார். புள்ளிகள் சுருங்கவில்லை, புதிதாகவும் வந்திருக்கின்றன, வயிற்றில் தண்ணீர் கட்ட ஆரம்பித்துவிட்டது என்றார். எனக்கு வந்ததே கோபம். சீட்டை அவர் மேஜையில் வைத்து, பாருங்க சார், நீங்க சொன்ன மாதிரிதான் கம்பியை வைத்து அளந்தேன், பாதிதான் இருக்கிறது, வேறு யாருடைய ஃபைலையோ பார்த்துப் பேசுகிறீர்கள் என்று எகிறினேன். அவர் கோபப்படவில்லை. சீட்டை எடுத்து இரண்டு போட்டோவிலும் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"நீங்க அளந்தது சரிதாம்மா. ஆனா கம்பி வேற. அன்னிக்கு வெச்சது அஞ்சு எம்எம். இந்தத் தடவ உள்ள தண்ணி இருந்ததால உறிஞ்சற பெரிய கம்பி போட்டோம். இது பத்து."

அவர் முடிப்பதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. பத்தில் பாதி அஞ்சு. புள்ளி அன்றைக்கு இருந்த அளவிலேயே இருக்கிறது. பெரிதானது கம்பி. கம்பி பெரிதானதற்குக் காரணமே நோய் முற்றியதுதான். எந்தக் கேஜ் என்று பார்க்காமல் அளந்திருக்கிறேன். நான்! பத்தொன்பது வருடம் அடுத்தவளைத் திட்டியே பிழைத்தவள். காது இரண்டும் குப்பென்று சுட்டது. அந்த அறையில் அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

அவரிடம் நான் சொல்லட்டுமா என்று சர்ஜன் கேட்டார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

சொல்லவில்லை. வார்டுக்குள் போனால், என்னைப் பார்த்ததும் மூன்று மாதத்தில் முதல்முறையாகப் பசிக்குது என்கிறார். இட்லி வாங்கி வந்தேன். ஒன்றரை இட்லி தின்றார். என்ன சொன்னாங்க என்று கேட்டார். தேதி போட்டுக் கூப்பிடுவாங்களாம் என்றேன். சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்கு டிஸ்சார்ஜ், பஸ்ஸில் சொல்லவா முடியும்? வீட்டுக்கு வந்தபின் சொல்லலாம் என்று தள்ளினேன். வீட்டுக்கு வந்தால் ஸ்டேண்டு ஆட்கள் பழக்கூடையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படியே பன்னிரண்டு நாள். வண்டியை வேறொருவரிடம் ஓட்டக் கொடுத்திருந்தார். அதைத் திருப்பி வாங்கி வாசலில் நிறுத்தினார். ஒரு காலை நான் கம்பெனிக்குக் கிளம்பும்போது, ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு வாளித்தண்ணீரில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை துணியைப் பிழிந்தாலே மூச்சு வாங்கியது. வேண்டாமே என்றேன். தூசி அப்பிக் கெடக்குது, ஆபரேஷன் முடிஞ்சு வந்து பார்த்தா துரு ஏறிக்கும் என்றார். நான் மென்று முழுங்கிக்கொண்டு கிளம்பிப்போனேன். அன்றைக்கு வேலையில் எந்தக் கட்டையைப் பாஸ் செய்தேன், எதைக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் ஸ்டேண்டில் கூட ஓட்டுகிறவர் ஒருவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார். அந்த ஆளின் மனைவிக்கும் வயிற்றில் கட்டி என்று புதிதாகத் தெரிந்திருக்கிறது. எங்கே காட்டுவது என்று புரியாமல் அலைகிறாராம். என் வீட்டுக்காரர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பயப்படாதப்பா, நான் இருந்த இருப்புக்கு இப்ப பாதி கொறஞ்சிருச்சு, நீயே பாரு என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அந்தப் போட்டோ ரெண்டையும் எடுத்தா, எப்படி அளந்தன்னு இவருக்குக் காட்டு என்றார்.

ஃபைல் அலமாரியில் இருந்தது. போய் எடுத்தேன். எடுத்து வந்து அந்த ஆளின் முன்னால் நின்றேன். அவர் இரண்டு கையையும் நீட்டினார். சவரம் செய்யாத முகம். என்னை அப்படிப் பார்த்தார், ஏதோ நான் கொடுத்தால்தான் அவர் மனைவிக்கு உயிர் என்பது போல. என்னால் கொடுக்க முடியவில்லை. என் புருஷனிடம் சொன்ன பொய்யை அவர் வீட்டுக்கும் கட்டிக்கொடுக்க என்னால் ஆகவில்லை. நல்ல விதமாகச் சொல்லத் தெரிந்தால்தானே? எப்போதும் போல வெடுக்கென்றுதான் வந்தது.

"பாதியெல்லாம் இல்லங்க. ரெண்டும் ஒரே அளவு. நான் தப்பா அளந்துட்டேன். இவருக்கு ஆபரேஷனே கெடையாது."

வந்தவர் எழுந்துவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் என் வீட்டுக்காரரின் தோளைத் தொட்டார். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். நான் கதவைச் சாத்தினேன். கம்பி மாறியது, டாக்டர் சொன்னது, நான் மறைத்தது எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். காலில் விழுந்தேன் என்றுகூடச் சொல்லலாம், கட்டிலோரம் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"மொதல்லயே இல்லன்னு சொல்லியிருந்தா அழுதுட்டு கெடந்திருப்பேன். நீ பாதின்னு சொன்ன. நான் எந்திரிச்சு வண்டி கழுவுனேன்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. முழங்காலிலிருந்து என் கையை மெதுவாக எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

மறுநாள் அக்காவை வரச்சொல்லு என்று என்னிடம் சொல்லவில்லை, தானே போன் போட்டார். என் நாத்தனார் ஒரு பையில் இரண்டு புடவையோடு வந்து இறங்கினாள். அவளுக்குக் கையெழுத்து போடத் தெரியும், அவ்வளவுதான் படிப்பு. பஸ் நம்பரைக்கூட யாரையாவது கேட்டுத்தான் ஏறுவாள். அன்றிலிருந்து என்னோடு அவர் பேசவில்லை என்று சொல்ல முடியாது. தண்ணி குடு என்பார். ஜன்னலைச் சாத்து என்பார். நேரத்துக்குச் சாப்பிடு என்றும் சொல்வார். சண்டைக்காரர் மாதிரி இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். தன் உடம்பைப் பற்றி மட்டும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வயிறு உப்பியது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வயிற்றின் ஓரத்தில் ஊசி குத்தி, தண்ணீர் எடுத்தார்கள். மூன்றாம் தடவை எடுத்த அன்று அங்கிருந்த டாக்டரம்மா கதவருகே வந்து, நோயாளி கூட இருக்கிறவங்க யாராவது ரூமுக்கு வாங்க என்று கூப்பிட்டார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன்.

"நீ இரு" என்றார் அவர். "அக்கா, நீ போ. என்ன சொல்றாங்களோ அத அப்படியே கேட்டு வந்து சொல்லு."

நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும், அவளையே போகச் சொல்லுடா தம்பி என்றாள். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். நான்தான், போயிட்டு வாங்க அண்ணி என்றேன். அவள் போனாள். நான் டம்ளரில் தண்ணீர் பிடித்துவரப் போவது மாதிரி வராந்தாவுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். டம்ளர் நிரம்பி வழிந்து என் காலை நனைத்தது. அவள் அறையை விட்டு வெளியே வந்து, என்னைத் தாண்டி, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நேராகக் கட்டிலுக்குப் போனாள். அப்படிச் சொல்லித்தானே அவர் அனுப்பியிருந்தார். நான் பின்னாலேயே போய் வாசல்படியில் நின்றுகொண்டேன்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். மாற்றிச் சொல்லவோ, பாதியை மறைக்கவோ அவளுக்குத் தெரியாது.

"பத்து நாளு தாங்கும்னாங்க, தம்பி. மிஞ்சுனா பதினஞ்சாம். வூட்டுக்கு இட்டுக்கினு போயிடுங்கன்னாங்க."

"நல்லா கேட்டியாக்கா?"

"ரெண்டு வாட்டி கேட்டேன்டா."

"சரி" என்றார். அவள் சொன்னதை அவர் அப்படியே நம்பினார்.